அக்காவின் கணனிக்கு நினைவகம் வாங்கிய கதை

கல்வெட்டு அடிக்கிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்து நாளை எண்ணுவதில்லை. ஒருவர் கண்ணை மூடிய நாளிலிருந்து எண்ணுவார்கள். 31ஆம் நாள் அந்தியேட்டி. அன்று மத்தியானம் பந்தியிலிருந்து எழும்பிப் போகிறவர்களின் கையில் அந்தச் சிறிய புத்தகம் இருக்க வேண்டும். 32ஆம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க ஆளில்லை, கூலியும் இல்லை.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு அக்கா இந்த வேலையைத்தான் செய்கிறார். கிளிநொச்சி நகரிலுள்ள அச்சகம் ஒன்று தட்டச்சையும் பக்க வடிவமைப்பையும் அவரிடம் கொடுக்கிறது. இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவார திருவாசகங்கள், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல் என்று நாற்பது பக்கம் வரை வரும். 2023ஆம் ஆண்டில் பக்கத்துக்கு 150 ரூபா கிடைத்தது. மீள்குடியேறி வந்த புதிதில் மூன்று மாதப் பயிற்சி ஒன்றில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர் அவர். பெண்களுக்குப் பயிற்சி என்றாலே தையல், கேக், மணப்பெண் அலங்காரம் என்று ஓடிய காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கணனியையும் சேர்த்திருக்கிறார். எங்கள் படிவங்களில் அவர் 'பெண் தலைமைத்துவக் குடும்பம்'. கணவர் 2009ஆம் ஆண்டு முதல் இல்லை. இல்லை என்றால் எப்படி இல்லை என்று எழுதுவதற்கு எங்கள் படிவத்தில் இடமில்லை. அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

2023ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு பின்னேரம் என்னைத் தேடி வந்தார். கையில் நுண்கடன் படிவம். பிணை நிற்பதற்கு ஒரு கையெழுத்து வேண்டுமாம்.

"என்னத்துக்கு அக்கா கடன்?"

"கொம்பியூட்டர் செத்துப்போச்சுப் பிள்ளை. புதுசு எடுக்கவேணும். கையில ஒரு கல்வெட்டு வேலை கிடக்கு. இண்டைக்குப் பத்தொன்பதாம் நாள்."

வடக்கில் நுண்கடன் பெண்களை என்ன செய்தது என்று இந்த இதழின் வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது. வாராவாரம் முற்றத்தில் வந்து நிற்கிறவர்களின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குப் பயந்து பின்கதவால் போன பெண்களை நான் அறிவேன். ஆகவே கையெழுத்துப் போடாமல், "முதலில் கணனியைப் பார்ப்போம்" என்றேன்.

நான் கணனி படித்தவள் அல்ல. படித்தது சமூகவியல். பல்கலைக்கழக விடுதியில் நாலு பேருக்கு ஒரு கணனி என்று வைத்து அடிபட்டதிலும், அலுவலகத்தில் 'ரெக்னீசியன்' வரும்வரை பொறுமையில்லாமல் கைவைத்ததிலும் பழகியதுதான் என் அறிவு. அதனால் நான் சொல்வது கைப்பழக்கத்தில் வந்ததே தவிர, பாடம் அல்ல.

கணனி சாகவில்லை. போட்டதும் வந்தது. ஆனால் ஆறு நிமிடம் சென்றுதான் வந்தது. முன்னால் இருக்கும் சிறிய சிவப்பு வெளிச்சம் அணையாமல் எரிந்தபடி இருந்தது. உள்ளே கறகறவென்று ஒரு சத்தம். 2013இல் சுவிஸில் இருக்கும் தம்பி அனுப்பிய காசில் வாங்கியது. இன்ரெல் கோர் ஐ3, மூன்றாம் தலைமுறை. வாங்கும்போது விண்டோஸ் 7 இருந்தது. பிறகு யாரோ விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா போட்டோஷொப்பைத் திறந்தார். அது வந்தது. பிறகு குடும்பத்தார் கனடாவிலிருந்து அனுப்பிய படங்களை எடுக்க வட்ஸ்அப்பைத் திறந்தார். அவ்வளவுதான், எலிக்குறி நின்ற இடத்தில் நின்றது. நாங்கள் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் அசைந்தது.

கடையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "இது பழசு அக்கா, இதுக்கு இனிச் செலவழிக்கிறது வீண்" என்றார்களாம். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. கேட்ட விலை ஒரு இலட்சத்து முப்பத்தையாயிரம். 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்தபோது டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியது. கணனி விலையும் அதோடு ஏறியது, பிறகு அந்த அளவுக்கு இறங்கவில்லை.

பற்றறிக்குத் தடையிருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். என் அப்பா வீட்டில் எதையும் எறிய விடமாட்டார். பத்து வருடம் உழைத்துக் கொடுத்த ஒரு இயந்திரத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் எறி என்று சொன்னால் எனக்கு உடனே கோபம் வந்துவிடும். அந்தக் கோபம் இல்லாவிட்டால் நான் இதில் இறங்கியிருக்கவும் மாட்டேன்.

விசைப்பலகையில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் என்றொரு பலகை வரும். அதில் பெர்போமன்ஸ் என்ற பகுதிக்குப் போய் மெமரி என்பதைத் தொட்டால் கணனியின் நாடி தெரியும். அக்காவின் கணனியில் மொத்த நினைவகம் 2 ஜி.பி. அதில் நூற்றுக்கு 94 பங்கு நிறைந்திருந்தது. அந்தப் பலகையிலேயே, நினைவகம் செருகுகிற இரண்டு இடங்களில் ஒன்றுதான் பாவனையில் உள்ளது என்றும் போட்டிருந்தது. அதாவது ஒரு இடம் பத்து வருடமாகச் சும்மா கிடக்கிறது.

இதை அக்காவுக்கு விளங்கப்படுத்தத் தையலைத்தான் எடுத்தேன். கணனிக்குள் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று அலுமாரி, மற்றது வெட்டுகிற மேசை. வன்தட்டு என்கிற ஹார்ட் டிஸ்க்தான் அலுமாரி. துணியெல்லாம் அங்கே மடித்து வைத்திருக்கும். ராம் என்கிற நினைவகம் மேசை. தைக்க வேண்டிய துணியை எடுத்து மேசையில் விரித்துத்தான் வெட்டலாம். மேசை சின்னதென்றால் என்ன செய்வோம்? ஒரு துணியை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு மற்றதை எடுப்போம். பிறகு முதல் துணி வேண்டுமென்றால் இதை மடித்து வைத்து, அதை எடுத்து வருவோம். நாள் முழுக்க எடுக்கிறதும் வைக்கிறதுமே வேலையாக இருக்கும், தையல் நடக்காது. அந்தக் கறகற சத்தமும் அணையாத சிவப்பு வெளிச்சமும் அதுதான். விண்டோஸ் 10 மட்டுமே மேசையில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் போட்டோஷொப், வேர்ட், வட்ஸ்அப் மூன்றையும் விரித்தால் எங்கே இடம்?

"அப்ப மேசையைப் பெருப்பிக்கலாமோ?"

"பெருப்பிக்கலாம். பக்கத்தில இன்னொரு மேசையை ஒட்டிப் போடலாம். இடம் கிடக்கு."

முகம் தெளிந்தது. பிறகு உடனே இருண்டது.

"வேண்டாம் பிள்ளை. மெமரியில கைவைச்சா அதுக்குள்ள கிடக்கிற அவற்ற படமும் போயிடும்."

அந்தப் படத்தைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது. கலியாணப் படம். வீட்டு அல்பம் 2009இல் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டது. கனடாவில் இருந்த பெரியம்மா தன்னிடமிருந்த ஒரு பிரதியை நல்ல துல்லியமாக ஸ்கான் செய்து, 2014இல் ஊருக்கு வந்த ஒருவரிடம் பென் டிரைவில் கொடுத்துவிட்டார். பெரியம்மா 2020இல் காலமானார். மூலப் படத்துக்கு என்ன நடந்தது என்று தெரியாது. பென் டிரைவ் எப்போதோ பழுதாகிவிட்டது. ஆக, அந்தக் கணனியில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 மாசி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது, அதிலிருந்து சிறிதாக ஒரு படம் அடித்து மட்டையில் ஒட்டிக் கொண்டுபோனார். வெயிலில் பிடித்துப் பிடித்து அதில் முகம் வெளிறிவிட்டது. பெரிதாக இன்னொன்று அடிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆனால் 150 எம்.பி. அளவான அந்தப் படத்தைப் போட்டோஷொப்பில் திறந்தால் கணனி உறைந்துவிடும். இரண்டு தடவை பிளக்கைப் பிடுங்கித்தான் மீட்டிருக்கிறார். அதன் பிறகு பயத்தில் தொடுவதேயில்லை.

படம் வன்தட்டில், அலுமாரியில் இருக்கிறது. மேசையை மாற்றுவதால் அலுமாரிக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அக்கா விடவில்லை.

"போன வருசம் கரண்ட் போகேக்க நான் அடிச்ச வம்சாவளி முழுக்கப் போச்சே. அதுவும் மெமரியில இருந்துதான் போச்செண்டு அச்சகத்துத் தம்பி சொன்னவன். கரண்ட் போனாலே போறது, கழட்டினாப் போகாதோ?"

எனக்குப் பதில் சொல்லச் சில நேரம் எடுத்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி. 2022 பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனதே, அப்போது அவர் சேமிக்காமல் அடித்துக்கொண்டிருந்த மூன்று தலைமுறைப் பெயர்கள் அழிந்தன. அழிந்தது ஏனென்றால், அவை மேசையில் மட்டும் இருந்தன. மின்சாரம் நின்றதும் இந்த நினைவகம் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதன் இயல்பு அது. சேமி என்ற பொத்தானை அழுத்தும்போதுதான் துணி அலுமாரிக்குப் போகிறது. படம் போன அதே மின்வெட்டில் போகவில்லையே, அடுத்த நாள் இருந்ததுதானே என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இருந்தது" என்றார். பெயர் வைத்தவர்கள் இதற்கு நினைவகம் என்று வைத்தது பிழையென்று எனக்குப் படுகிறது. கணனியில் எதையுமே நினைவில் வைத்திராத பாகம் இது ஒன்றுதான்.

ஆனாலும் நான் வற்புறுத்தவில்லை. அவர் பயத்தில் இன்னொரு நியாயமும் இருந்தது. பத்து வருட வன்தட்டு எந்த நாளும் நின்றுபோகலாம். நாங்கள் தொட்டாலும், தொடாவிட்டாலும். ஒரே ஒரு பிரதி என்பது இல்லாததற்குச் சமம். ஆகவே பெட்டியைத் திறப்பதற்கு முன், புதிய பென் டிரைவ் ஒன்று வாங்கிப் படத்தையும் கல்வெட்டு வேலைகளையும் பிரதி செய்தோம். மின்னஞ்சலில் 25 எம்.பி.க்கு மேல் இணைக்க முடியாது என்பதால் கூகிள் டிரைவில் ஏற்றினோம். என் கைத்தொலைபேசி இணைப்பில் அது ஏறி முடிய ஒரு முழுப் பின்னேரம் போனது. பென் டிரைவை அக்கா சாமித் தட்டில் வைத்தார். வாசகிகளில் யாரிடமாவது இப்படி ஒற்றைப் படம், ஒற்றைப் பத்திரம் இருந்தால், நினைவகத்தை விடுங்கள், முதலில் இதைச் செய்துகொள்ளுங்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன். கணனிக்கு நினைவகம் வாங்க மூன்று விடயங்கள் தெரிய வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒன்று, என்ன வகை. அக்காவின் கணனிக்கு டி.டி.ஆர். 3. முந்திய வகையான 2உம் பிந்திய வகையான 4உம் அதில் பொருந்தா. கீழே உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். இரண்டு, தாய்ப்பலகை எவ்வளவு தாங்கும். இதில் ஒரு இடத்துக்கு 8 ஜி.பி., மொத்தம் 16. மூன்று, விண்டோஸ் 32 பிற்றா, 64 பிற்றா. 32 பிற் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் எவ்வளவு போட்டாலும் கண்டுகொள்ளாது. ஒரு மாதர் சங்கத்துக் கணனியில் 8 ஜி.பி. போட்டுவிட்டு, மூன்று சொச்சம்தான் பாவிக்கலாம் என்று திரையில் இருப்பதை ஒருவரும் வாசிக்காமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். அக்காவுடையது 64. நல்லகாலம்.

இதையெல்லாம் சரிபார்த்துவிட்டு, கொழும்பில் வேலை செய்யும் ஒன்றுவிட்ட தம்பிக்கு "டி.டி.ஆர். 3, நாலு ஜி.பி., பாவித்தது" என்று செய்தி அனுப்பினேன். 1,700 ரூபா கொடுத்து வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்டான். 22ஆம் நாள் பொதியைப் பிரித்தால், உள்ளே என் சுட்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு. மடிக்கணனிக்குரியது. மேசைக்கணனியின் துண்டு அதைப்போல இரண்டு மடங்கு நீளம். நான் 'மேசைக்கணனிக்கு' என்ற ஒரு சொல்லை எழுதவில்லை. தம்பியிலும் பிழையில்லை, கடையிலும் பிழையில்லை. பாவித்த பொருளை அவர்கள் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். அக்கா ஒன்றும் சொல்லாமல் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அந்த மௌனத்தை விட ஏசியிருக்கலாம்.

இதிலிருந்து ஒரு விடயம் மட்டும் சொல்வேன். செய்தி எழுதாதீர்கள், பழைய துண்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அதில் ஒட்டியிருக்கும் தாளில் எல்லாம் இருக்கிறது. 24ஆம் நாள் நானும் அக்காவும் அதைக் கடிதவுறை ஒன்றில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினோம். பொலித்தீன் பையில் வைக்கக் கூடாது. உராய்வில் வரும் மின்சாரம் அதைக் கொன்றுவிடும். முதற் கடையில் நின்ற தம்பி, எங்களுக்குப் பின்னால் வேறேதோ வாங்க வந்து நின்றவரைப் பார்த்து "அண்ணை, என்ன மொடல்?" என்றார். அந்த அண்ணைக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. வெளியே வந்துவிட்டோம். இரண்டாவது கடையில் ஒரு வயதானவர். துண்டை வாங்கி மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, லாச்சியிலிருந்து மூன்றை எடுத்து மேசையில் போட்டார். புதிதாக, மிக மலிவாக ஒரு 8 ஜி.பி. துண்டும் இருந்தது. அதை அவரே எடுத்து அப்பால் வைத்தார். ஏ.எம்.டி. செயலி உள்ள கணனிகளில் மட்டும் வேலை செய்யும் துண்டுகள் அப்படி வருகின்றன, உங்களுடையது இன்ரெல் என்றார். பாவித்த 4 ஜி.பி. 2,000 ரூபா. ஒரு மாதத்துக்குள் பழுதென்றால் மாற்றித் தருவதாகச் சிட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தோம். முதல் நாள் பழைய துண்டைக் கழற்றும்போது டோர்ச் வெளிச்சத்தில் அவசரமாகச் செய்தபடியால் உள்ளே வடிவாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால், சோளகம் கொண்டுவந்த பத்து வருடப் புழுதி. அதற்குள் ஓடு மட்டும் மிஞ்சிய பல்லி முட்டைகள் இரண்டு. பெயின்ற் தூரிகையால் தட்டி, முற்றத்தில் வைத்து ஊதினோம். செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். பிறகு போடுகிற பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் போய்விடும். பெட்டியின் பெயின்ற் இல்லாத இரும்பைத் தொட்டு எங்கள் உடம்பிலிருப்பதையும் இறக்கிவிட வேண்டும். துண்டின் பொன்னிறப் பற்களை விரலால் தொடக்கூடாது. பழைய துண்டின் பற்கள் கறுத்திருந்தன. மகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்ததும் மின்னின.

செருகியது அக்காதான். நான் செய்தால் அடுத்தமுறையும் என்னையே தேடுவார் என்று விட்டுவிட்டேன். இரண்டு துண்டையும் செருகி, பெட்டியை மூடாமலே பிளக்கைப் போட்டோம்.

பீப். பீப். பீப். திரை கறுப்பு.

அந்தச் சத்தத்தில் அக்காவின் முகம் போன போக்கை எழுத எனக்கு விருப்பமில்லை. "படம் சாமித்தட்டில இருக்கக்கா" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. பிளக்கைக் கழற்றிக் குனிந்து பார்த்தேன். புதிய துண்டின் ஒரு பக்கக் கொளுக்கி முழுதாக மூடவில்லை. பயத்தில் மெதுவாக அழுத்தியிருக்கிறார். கழற்றி, வெட்டைச் சரியாகப் பொருத்தி, இரண்டு பெருவிரலாலும் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தச் சொன்னேன். உடைந்துவிடும் என்று பயப்படும் அளவுக்கு அழுத்த வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் 'டிக்' என்று தானாகப் பூட்டும். பூட்டியது. இந்தமுறை ஒரே ஒரு பீப், பிறகு விண்டோஸ் வந்தது. டாஸ்க் மனேஜரில் 6 ஜி.பி. என்று இருந்தது. படத்துக்கென்று கணனியே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், பாவனைக்கு 5.9. பாவித்த துண்டு என்பதால் இரவு முழுக்க விண்டோஸிலேயே இருக்கும் நினைவகச் சோதனையை ஓடவிட்டோம். காலையில் பிழை ஒன்றுமில்லை என்று வந்தது.

உள்ளதைச் சொல்லவேண்டும். கணனி புதிதாகிவிடவில்லை. போட்டு வருவதற்கு இப்போதும் நாலு நிமிடம் எடுத்தது. அது அலுமாரியின் வேகம், மேசையின் வேகமல்ல. ஆனால் வந்தபின் போட்டோஷொப்பும் வேர்டும் வட்ஸ்அப்பும் ஒன்றாகத் திறந்திருக்க, ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தடையில்லாமல் போக முடிந்தது. சிவப்பு வெளிச்சம் அணைந்து அணைந்து எரிந்தது. அந்தக் கல்வெட்டு 36 பக்கம், 27ஆம் நாள் அச்சகத்துக்குப் போனது. கூலி 5,400 ரூபா. நினைவகம் 2,000, என் பிழை 1,700. பிழையின் காசை நான்தான் கொடுத்தேன். அக்கா எவ்வளவோ மறுத்தார். கடன் படிவம் அவர் வீட்டு அடுப்பு மூட்டப் போனதாகக் கேள்வி. அடுத்த வருடம் வன்தட்டுக்குப் பதிலாக 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டார். அதை அவரே வாங்கி அவரே பூட்டினார், எனக்குப் பிறகுதான் தெரியும். போட்டு ஒரு நிமிடத்துக்குள் வருகிறது. பழைய கணனிக்குச் செலவழிக்க விரும்புகிறவர்களுக்கு என் அபிப்பிராயம் இந்த ஒழுங்குதான்: 2 ஜி.பி., 4 ஜி.பி. என்றால் முதலில் நினைவகம். 8 ஆன பிறகு அதில் காசைக் கொட்டாமல் எஸ்.எஸ்.டி. இரண்டும் போட்டும் சரிவராவிட்டால்தான் புதிய கணனியைப் பற்றி யோசிக்கலாம்.

விலைகள் 2023ஆம் ஆண்டுக்குரியவை. 2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு நிலையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டதால் உலகெங்கும் புதிய துண்டுகளின் விலை சடுதியாக ஏறியது. ஆகவே பழைய துண்டுகளை யாரும் எறியவேண்டாம். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு மேம்படுத்தல்களைக் கொம்பனி 2025 ஐப்பசி 14ஆம் திகதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. அக்காவின் கணனி விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை. லினக்ஸ் மின்ற் போன்ற இலவச முறைமைகள் இதில் நன்றாக ஓடும், ஆனால் அவர் பழகிய போட்டோஷொப் அதில் நேரடியாக ஓடாது. அதனால் வங்கிக் கணக்கு, கடவுச்சொல் போன்றவற்றை அந்தக் கணனியில் திறப்பதில்லை என்ற கட்டுப்பாட்டோடு பாவிக்கிறார். இது நிரந்தர வழியல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ பொதுநோக்கு மண்டபங்களில் துணியால் மூடிய கணனிகள் இருக்கின்றன. நாடா வெட்டிப் படம் எடுத்துக் கொடுத்தவை. கொடுத்தவர்களின் திட்டத்தில் பராமரிப்பு என்று ஒரு வரி இருப்பதில்லை. நானும் அப்படியான முன்மொழிவுகள் எழுதியவள்தான். இந்தக் கதைக்குப் பிறகு அவற்றில் மூன்றை அக்காவும் நானும் திறந்து பார்த்தோம். ஒன்றில் துண்டைக் கழற்றி, பல்லைத் துடைத்து மறுபடி செருகியதே போதுமாயிருந்தது. ஒன்றுக்கு நினைவகம் போட்டோம். மற்றது உண்மையாகவே செத்திருந்தது. அதிலிருந்த 2 ஜி.பி. துண்டை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார்.

படத்தை அவர் உடனே திறக்கவில்லை. கல்வெட்டு அச்சகத்துக்குப் போன அன்று இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு என்னைக் கூப்பிட்டார். போட்டோஷொப்பில் போட்டார். அரை நிமிடத்தில் முழுதாக வந்தது. மாலையோடு இரண்டு பேர். அவருடைய கழுத்துக்குக் கீழே சட்டைக்குக் குறுக்காக ஒரு மடிப்புக் கோடு. எத்தனையோ பேருடைய படங்களில் கிழிசலையும் பூஞ்சணத்தையும் தெரியாமல் மறைத்துக் கொடுக்கிற கை அக்காவுடையது. "இதை எடுத்துவிடலாமே அக்கா" என்றேன்.

"அது கிடக்கட்டும். வீட்டில இருந்த படத்திலயும் அதில ஒரு மடிப்பு இருந்தது."

அவரை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினார். ஸ்ரூடியோவில் கொடுத்து ஏ3 அளவில் அடித்து லமினேற் செய்வித்தார். அந்த ஆவணி 30ஆம் திகதி, சர்வதேச காணாமல் ஆக்கப்பட்டோர் தினத்தன்று, அதைத்தான் கொண்டுபோனார். வெளிறிய பழைய படம் கணனி மேசைக்கு மேலே சுவரில் இருக்கிறது. நான் வாங்கிய மடிக்கணனித் துண்டு இன்னும் அவர் லாச்சிக்குள் கிடக்கிறது. யாருக்காவது டி.டி.ஆர். 3 மடிக்கணனி இருந்தால் சொல்லுங்கள், சும்மா தரலாம்.